பாப்பாவுக்கு எடை ஏறவே மாட்டேங்குதா? சில்வர் - ரஸ்ஸல் குறைபாடுள்ள குழந்தைக்கு எப்படி, எவ்வளவு ஊட்டலாம்?

'பால் பத்தலையோ?', 'ராத்திரி எழுப்பிக் கொடுக்கிறியா இல்லியா?', 'எங்க பேரன் 6 மாசத்துலயே 7 கிலோ இருந்தான்!'

பிறந்ததிலிருந்தே சின்னதாக இருக்கிற குழந்தையின் அம்மாவுக்கு இதெல்லாம் தினமும் காதில் விழுகிற வார்த்தைகள். பார்க்க வருகிற ஒவ்வொருவரும் குழந்தையின் கையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, அடுத்து அம்மாவின் முகத்தைப் பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்கு ஒரே அர்த்தம்தான்... 'நீ சரியா பார்த்துக்கலை.'

பெரும்பாலான சின்னக் குழந்தைகள் கொஞ்சம் கூடுதல் கவனிப்பில் தேறிவிடுகின்றன. ஆனால், எவ்வளவு பார்த்துப் பார்த்து ஊட்டினாலும் மெதுவாக மட்டுமே வளர்கிற சில குழந்தைகளும் உண்டு. அந்த மெதுவான வளர்ச்சிக்குக் காரணம் அம்மாவின் பாலிலோ, பாட்டியின் கைப்பக்குவத்திலோ இல்லை. குழந்தையின் ஜீன்களில் இருக்கிறது. அப்படியான அரிதான குறைபாடுகளில் ஒன்றுதான் 'சில்வர் - ரஸ்ஸல் சிண்ட்ரோம்'.

இந்தக் குழந்தைக்கு ஊட்டுவதில் ரெண்டு பக்கமும் பள்ளம். கொடுக்காமல் விட்டாலும் ஆபத்து, திணித்தாலும் ஆபத்து. முதலாவது எல்லோருக்கும் தெரியும். ரெண்டாவதைத்தான் நம் வீடுகளில் யாரும் சொல்லித்தருவதில்லை. வாங்க, ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

எல்லா சின்னக் குழந்தைக்கும் இது இருக்குமா?

இல்லவே இல்லை. முதலில் அந்தப் பயத்தைத் தள்ளி வையுங்கள்.

பிறக்கும்போது 2.5 கிலோவுக்குக் கீழே இருந்தால் எடை குறைந்த குழந்தை என்கிறோம். இதற்கு ஆயிரம் காரணங்கள் இருக்கலாம். குறைப்பிரசவம், அம்மாவுக்கு ரத்தசோகை அல்லது ரத்த அழுத்தம், நஞ்சுக்கொடி வழியாக ஊட்டம் சரியாகப் போகாதது என்று பட்டியல் நீளும். வயிற்றில் இருந்த மாதக் கணக்குக்கு ஏற்ற வளர்ச்சி இல்லாமல் பிறக்கும் குழந்தைகளிலும் 10-ல் 8, 9 பேர் 2 வயதுக்குள் மற்ற குழந்தைகளை எட்டிப்பிடித்து விடுகிறார்கள்.

எட்டிப்பிடிக்காத மிச்சக் குழந்தைகளில் மிகச் சிலருக்குத்தான் சில்வர் - ரஸ்ஸல் குறைபாடு. 30,000 முதல் 1,00,000 பிறப்புகளுக்கு ஒன்று என்று மருத்துவ நூல்கள் சொல்கின்றன. 1953-ல் அமெரிக்க மருத்துவர் ஹென்றி சில்வரும், 1954-ல் இங்கிலாந்து மருத்துவர் அலெக்சாண்டர் ரஸ்ஸலும் தனித்தனியாக இதை எழுதிவைத்தார்கள். அதனால் ரெண்டு பேர் பெயரும் சேர்ந்துவிட்டது.

டாக்டர் எதையெல்லாம் பார்ப்பார்?

மருத்துவர்கள் 6 விஷயங்களைப் பார்க்கிறார்கள். அவற்றில் 4 இருந்தால் இந்தக் குறைபாடாக இருக்கலாம் என்று சந்தேகித்து, ஜீன் பரிசோதனைக்கு அனுப்புவார்கள்.

1. மாதக் கணக்குக்கு மிகக் குறைவான எடையிலோ நீளத்திலோ பிறந்தது.

2. பிறந்த பிறகும் வளர்ச்சி எட்டிப்பிடிக்காமல், 2 வயதிலும் மிகச் சின்னதாகவே இருப்பது.

3. உடம்பு சின்னதாக இருக்க, தலை மட்டும் கிட்டத்தட்ட சரியான அளவில் இருப்பது. அதனால் தலை பெரிதாகத் தெரியும்.

4. பக்கவாட்டில் பார்த்தால் நெற்றி முன்னால் துருத்தியிருப்பது.

5. ஒரு பக்கக் கை, காலைவிட இன்னொரு பக்கம் சற்று நீளமாகவோ பருமனாகவோ இருப்பது.

6. சாப்பிட வைப்பதே பெரும்பாடாக இருப்பது, அல்லது 2 வயதில் உயரத்துக்கு ஏற்ற எடைகூட இல்லாமல் மிக ஒல்லியாக இருப்பது.

முகம் கீழ்நோக்கிக் குறுகி முக்கோணம் போலத் தெரிவதும், சுண்டுவிரல் உள்பக்கம் வளைந்திருப்பதும் பல குழந்தைகளிடம் உண்டு. இதைப் படித்துவிட்டு, தூங்குகிற பாப்பாவின் நெற்றியை மொபைல் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டாம். ஒன்றிரண்டு அடையாளங்கள் எந்தக் குழந்தைக்கும் இருக்கும். சந்தேகம் இருந்தால் குழந்தைநல மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள்.

ஒரு முக்கியமான விஷயம். சாதாரண குரோமோசோம் டெஸ்ட் எடுத்து, 'எல்லாம் நார்மல்' என்று ரிப்போர்ட் வந்தாலும் இந்தக் குறைபாடு இல்லை என்று ஆகிவிடாது. பல குழந்தைகளுக்கு 11-வது குரோமோசோமில் ஒரு வளர்ச்சி ஜீனின் 'சுவிட்ச்' சரியாக ஆன் ஆகாமல் இருப்பதுதான் பிரச்னை. சிலருக்கு 7-வது குரோமோசோம் ரெண்டுமே அம்மாவிடமிருந்து வந்திருக்கும். இதைக் கண்டுபிடிக்க 'மெத்திலேஷன்' எனும் தனி டெஸ்ட் வேண்டும். அதிலும் காரணம் பிடிபடாத குழந்தைகள் கணிசமாக உண்டு. அவர்களுக்கு அடையாளங்களை வைத்தே டாக்டர் முடிவு செய்வார்.

கர்ப்பத்தில் நீங்கள் சாப்பிட்டதோ, சாப்பிடாததோ இதற்குக் காரணம் இல்லை. பெரும்பாலும் இது தற்செயலாக நடப்பது. அடுத்த குழந்தைக்கும் வருமா என்பதை ஜெனடிக் கவுன்சலிங்கில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். பெரும்பாலான குடும்பங்களுக்கு அந்த வாய்ப்பு மிகக் குறைவு.

'வயிறு ஒட்டிக்கிடக்கு, ஆனா பசிக்கவே மாட்டேங்குதே?'

இந்தக் குழந்தைகளின் பெற்றோர் அதிகம் சொல்வது இதைத்தான். உண்மையிலேயே பல குழந்தைகளுக்குப் பசி உணர்வே குறைவு. அடம் என்று நினைத்துக் கோபப்படாதீர்கள்.

வாய்த் தசைகளில் பலம் போதாமல், நாலு இழுப்பு பால் குடித்ததுமே களைத்துப்போய்த் தூங்கிவிடும். இரைப்பையிலிருந்து சாப்பாடு மெதுவாகத்தான் இறங்கும். அதனால் முந்தைய வேளை குடித்ததே இன்னும் வயிற்றில் இருக்கும். பாதிக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு, குடித்தது எதிர்த்துக்கொண்டு மேலே வரும் பிரச்னையும் உண்டு. நெஞ்செரிச்சலோடு சாப்பிடச் சொன்னால் பெரியவர்களே முகம் சுளிப்போம். குழந்தை வாயை இறுக்கி மூடிக்கொள்கிறது, அவ்வளவுதான்.

முதல் பள்ளம்: இடைவெளி விட்டால் சர்க்கரை இறங்கும்

நாம் சாப்பிடாத நேரத்தில் கல்லீரலிலும் தசையிலும் இருக்கும் சேமிப்பிலிருந்து உடம்பு சமாளிக்கும். இந்தக் குழந்தைக்குத் தசையும் குறைவு, கல்லீரல் சேமிப்பும் குறைவு. ஆனால், உடம்போடு ஒப்பிட்டால் மூளை பெரிது. குளுக்கோஸை அதிகம் கேட்பதே மூளைதான். சின்ன உண்டியல், பெரிய செலவு. அதனால் சீக்கிரமே ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடும்.

அதிக ஆபத்து ராத்திரியில்தான். 'அசந்து தூங்குது, எழுப்பாதே' என்று பாசத்தோடு சொல்வார்கள். மற்ற குழந்தைகளுக்கு அது சரியாக இருக்கலாம். இந்தக் குழந்தைக்கு அப்படி விட முடியாது.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்: தூங்கும்போது தலையணை நனைகிற அளவுக்கு வியர்ப்பது, உடல் வெளிறி சில்லிட்டுப்போவது, கை கால் நடுங்குவது, எழுப்பினாலும் சோர்ந்து விழுவது, வலிப்பு. இந்தக் குழந்தைகளுக்கு இயல்பாகவே வியர்வை அதிகம் என்பதால் வியர்த்தாலே சர்க்கரை இறங்கிவிட்டது என்று அர்த்தமில்லை. அதேபோல, எந்த அறிகுறியும் காட்டாமலும் சர்க்கரை இறங்கலாம். அதனால்தான் அறிகுறிக்காகக் காத்திருக்காமல் கடிகாரத்தைப் பார்த்து ஊட்ட வேண்டியிருக்கிறது.

என்ன செய்யலாம்?

* 'என் குழந்தை எத்தனை மணி நேரம் சாப்பிடாமல் இருக்கலாம்?' என்று டாக்டரிடம் கேட்டு ஓர் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். வயதையும் எடையையும் பொறுத்து இது மாறும். ஒவ்வொரு செக்கப்பிலும் திரும்பக் கேளுங்கள்.

* அந்த இடைவெளிக்கு மொபைலில் அலாரம் வையுங்கள். அம்மா போனில் மட்டும் வேண்டாம், அப்பா போனிலும் இருக்கட்டும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் முறை வைத்துக்கொண்டால் ரெண்டு பேரும் கொஞ்சம் தூங்கலாம்.

* சிறுநீரில் 'கீட்டோன்' இருக்கிறதா என்று பார்க்கும் ஸ்ட்ரிப் மருந்துக்கடைகளில் கிடைக்கும். காலையில் எழுந்ததும் எடுக்கிற சிறுநீரில் கீட்டோன் தெரிந்தால், ராத்திரி இடைவெளி அதிகமாகிவிட்டது என்பதற்கு அது ஓர் எச்சரிக்கை. எப்போது, எப்படிப் பார்ப்பது என்று டாக்டர் சொல்லித்தருவார்.

* ஒரு வயதை நெருங்கும் குழந்தைகளுக்கு, படுக்கும் முன் கடைசி வேளையில் வேகவைக்காத மக்காச்சோள மாவு - அதாங்க, கடையில் 'கார்ன்ஃப்ளார்' என்று விற்பது - கலந்து கொடுக்கச் சொல்வதுண்டு. அது மெதுவாகச் செரித்து, நேரம் எடுத்து சர்க்கரையை விடும். ஆனால் இதை டாக்டர் அளவு சொன்ன பிறகே செய்ய வேண்டும். அதன் பிறகு பல்லையும் துடைத்துவிட வேண்டும்.

ரெண்டாவது பள்ளம்: 'கொழுகொழு'ன்னு ஆக்கப் பார்க்கிறது

இங்கேதான் நம் ஊர் பாசம் வம்பாகிறது.

குழந்தை போதுமான அளவு சாப்பிட்டு, தன் நீளத்துக்குத் தேவையான எடையை அடைந்துவிட்டால், அதற்கு மேல் எவ்வளவு ஊட்டினாலும் உயரம் கூடாது. கூடுதலாகப் போனது கொழுப்பாகத்தான் சேரும். இந்தக் குழந்தைகளுக்குத் தசை குறைவு என்பதால், பார்க்க ஒல்லியாக இருந்தாலும் உடம்பில் கொழுப்பின் பங்கு ஏறியிருக்கலாம்.

சின்ன வயதில் எடை வேகமாக ஏறினால், பின்னால் இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் போகலாம். பருவமடைதல் முன்கூட்டியே வந்து, வேகமாக நடந்துவிடலாம். பருவமடைந்தால் எலும்பு முதிர்ந்து வளர்ச்சி நின்றுவிடும். அதாவது, உயரம் கூடட்டும் என்று திணித்த சாப்பாடு, கடைசியில் இருக்கிற கொஞ்ச உயரத்தையும் குறைத்துவிடும். பெரியவரான பிறகு சர்க்கரை நோய், உடல்பருமன் ஆகியவற்றின் ஆபத்தும் கூடும்.

அதனால், பக்கத்து வீட்டுக் குழந்தையின் எடை உங்களுக்கான இலக்கு இல்லை. அங்கன்வாடி அட்டையில் இருக்கிற நடுக்கோடும் இல்லை. இந்தக் குழந்தையின் கோடு அட்டையின் கடைசிக் கோட்டுக்கும் கீழேதான் ஓடும். அந்தக் கோடு சீராக ஏறுகிறதா, நீளத்துக்கு எடை பொருந்துகிறதா... இந்த ரெண்டும்தான் கேள்வி. கோடு கீழே சாய்ந்தாலும் டாக்டரைப் பாருங்கள், திடீரென்று செங்குத்தாக மேலே ஏறினாலும் பாருங்கள்.

எடை பார்க்கும்போது ஒரே மெஷினில், துணி இல்லாமல், பால் குடிப்பதற்கு முன் பாருங்கள். 2 வயது வரை நீளத்தைப் படுக்கவைத்துத்தான் அளக்க வேண்டும். தலைச் சுற்றளவையும் சேர்த்து, மூன்றையும் தேதியோடு போனில் குறித்துவையுங்கள். அட்டையை மாதாமாதம் போட்டோ எடுத்து வைத்தால், எந்த ஊரில் எந்த டாக்டரைப் பார்த்தாலும் கையில் முழுக்கதையும் இருக்கும். ஆனால் தினமும் எடை பார்க்காதீர்கள். ஒரு நாள் மலம் கழிக்கவில்லை என்றாலே எண் மாறும், உங்கள் நிம்மதிதான் போகும்.

முதல் 6 மாதம்: சின்ன இழுப்பு, நிறைய தடவை

தாய்ப்பால்தான் முதல் தேர்வு. ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை, தேவைப்பட்டால் எழுப்பித்தான் கொடுக்க வேண்டும். நெஞ்சோடு நெஞ்சாகச் சேர்த்துவைக்கிற கங்காரு முறை, குழந்தையை வெதுவெதுப்பாக வைக்கும், பாலும் நன்றாகச் சுரக்கும். அப்பாவும் செய்யலாம்.

குழந்தை சப்பிக்கொண்டே தூங்கிவிட்டால், மார்பை மெதுவாக அழுத்திவிட்டால் பால் வருவது கூடி, மறுபடி விழுங்கத் தொடங்கும். ஒரு வேளையை அரை மணி நேரத்துக்கு மேல் இழுக்க வேண்டாம். குடித்த சக்தி குடிக்கிற வேலையிலேயே தீர்ந்துவிடும். மிச்சப் பாலைப் பீய்ச்சி எடுத்து, பாலாடையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். பீய்ச்சிய பால் வெளியில் 4 மணி நேரம், ஃப்ரிட்ஜில் 24 மணி நேரம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

காலை நீட்டிக் குழந்தையை மடியில் கிடத்தி, கையைப் பிடித்துக்கொண்டு சங்கில் ஊற்றி வாயில் கவிழ்க்கிற பழக்கம் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். பால் மூச்சுக்குழாய்க்குள் போனால் நிமோனியா வரும். சங்கோ பாலாடையோ, குழந்தை விழித்து, தலை உயர்ந்து இருக்கும்போது, உதட்டோரம் வைத்து, அது விழுங்க விழுங்கத்தான் கொடுக்க வேண்டும்.

தாய்ப்பால் மட்டும் போதவில்லை என்றால், பாலில் சேர்க்கிற சத்துப்பொடியோ கலோரி கூடிய பால்பவுடரோ டாக்டர் எழுதித்தருவார். 'எடை ஏறட்டும்' என்று நீங்களாகவே ஒரு ஸ்பூன் பவுடர் கூடுதலாகப் போடக் கூடாது. சிறுநீரகத்துக்குச் சுமை, வயிற்றுப்போக்கும் வரும். தண்ணீர் கூட்டி நீர்க்கக் கலப்பதும் அதே அளவுக்குத் தப்பு.

வைட்டமின் டி சொட்டு மருந்தையும், டாக்டர் எழுதித்தரும் இரும்புச்சத்து சொட்டு மருந்தையும் மறக்க வேண்டாம். எடை குறைவாகப் பிறந்த குழந்தைக்கு இரும்புச்சத்துச் சேமிப்பும் குறைவாகத்தான் இருக்கும்.

6 மாதத்துக்குப் பிறகு: கிண்ணம் சின்னது, சாப்பாடு கனமானது

நம் வீடுகளில் முதலில் கொடுப்பது என்ன? பருப்புத் தண்ணீர், வடிகஞ்சி, ரசம் சாதத்தின் தெளிவு. இந்தக் குழந்தையின் வயிற்றில் நாலைந்து ஸ்பூனுக்குத்தான் இடம். அதைத் தண்ணீரால் நிரப்பிவிட்டால் சத்துக்கு இடம் ஏது?

அதனால் பருப்புத் தண்ணீருக்குப் பதில் பருப்பையே குழைத்துக் கொடுங்கள். ஸ்பூனைச் சாய்த்தால் ஓடாமல் நிற்கிற பதம் வேண்டும். குழைத்த பருப்பு சாதம், பால் எடுத்துக் காய்ச்சிய கேழ்வரகுக் கூழ், மசித்த உருளைக்கிழங்கு, சர்க்கரைவள்ளிக்கிழங்கு, வாழைப்பழம், நன்றாக வெந்த முட்டை, முள் எடுத்த மீன் எல்லாம் நல்ல தேர்வுகள். வேர்க்கடலையை முழுசாகத் தராமல், வறுத்து நைசாக அரைத்துக் கூழில் கலக்கலாம்.

ஒரு டீஸ்பூன் நெய்யோ எண்ணெயோ கிட்டத்தட்ட 45 கலோரி. அளவைக் கூட்டாமல் சத்தைக் கூட்ட இதுதான் எளிய வழி. ஆனால், ரெண்டாவது பள்ளம் ஞாபகம் இருக்கட்டும். எத்தனை ஸ்பூன் என்பதை மாதாந்திர எடையைப் பார்த்து டாக்டரோ டயட்டீஷியனோ முடிவு செய்யட்டும். 'நெய் நல்லதுதானே' என்று பாட்டி ஒரு கரண்டி, அத்தை ஒரு கரண்டி ஊற்றினால் கணக்கு தவறிவிடும்.

ஒரு வயதுக்குள் தேன் கூடாது. பசும்பாலைப் பிரதான பாலாகக் கொடுக்கக் கூடாது. உப்பு, சர்க்கரை வேண்டாம்.

நேரம் முக்கியம். 2, 3 மணி நேரத்துக்கு ஒரு தடவை, ஒரே இடத்தில் உட்காரவைத்து, 20 - 30 நிமிடங்களில் முடித்துவிடுங்கள். சாப்பிட்டால் சந்தோஷம், சாப்பிடாவிட்டால் தட்டை எடுத்துவிட்டு அடுத்த வேளைக்குப் போங்கள். டாக்டர் சொன்ன இடைவெளி தாண்டுகிறது என்றால் மட்டும் பாலாவது கொடுத்துச் சமாளிக்க வேண்டும். மூக்கைப் பிடித்து வாய் திறக்கவைப்பது, போனில் பாட்டைப் போட்டு அசந்த நேரத்தில் ஸ்பூனைத் திணிப்பது எல்லாம் இன்றைக்கு நாலு வாய் உள்ளே போக வைக்கும். நாளையிலிருந்து ஸ்பூனைப் பார்த்தாலே அழ வைக்கும். கையால் பிசையட்டும், முகத்தில் பூசிக்கொள்ளட்டும். சாப்பாட்டின் மேல் பயம் வராமல் இருப்பதே பெரிய விஷயம்.

மருந்துக்கடையில் 'பசி எடுக்கிற சிரப்' கேட்டு வாங்காதீர்கள். சைப்ரோஹெப்டடின் என்கிற மருந்தை இந்தக் குழந்தைகளுக்கு டாக்டர்கள் சில நேரம் எழுதுவது உண்மைதான். ஆனால் அது தூக்கத்தை உண்டாக்கும். தூங்கிப்போன குழந்தைக்கு வேளை தவறினால் என்ன ஆகும் என்பது இப்போது உங்களுக்கே தெரியும்.

வாந்தியும் மலச்சிக்கலும் பசியைக் கொல்லும்

பால் குடித்ததும் 20 - 30 நிமிடங்கள் தோளில் நிமிர்த்தி வைத்திருங்கள். தூங்கவைக்கும்போது மல்லாக்கத்தான் படுக்கவைக்க வேண்டும். அடிக்கடி எதிர்த்து வருகிறது, முதுகை வில்லாக வளைத்து அழுகிறது என்றால் அமிலத்துக்கு மருந்து தேவைப்படலாம்.

மலச்சிக்கலும் இந்தக் குழந்தைகளுக்குச் சகஜம். வயிறு உப்பிக் கிடந்தால் பசி எங்கே வரும்? சாப்பாட்டைப் பற்றி டாக்டரிடம் சொல்லும்போது மலத்தைப் பற்றியும் சொல்லுங்கள். அதைச் சரிசெய்தாலே சில குழந்தைகள் ரெண்டு வாய் கூடுதலாகச் சாப்பிடும்.

காய்ச்சல் வந்தால் காத்திருக்காதீர்கள்

மற்ற குழந்தைக்கு ஒருநாள் வாந்தி, காய்ச்சல் என்றால் வீட்டிலேயே பார்க்கலாம். இந்தக் குழந்தை ரெண்டு வேளை சாப்பிடாவிட்டாலே சர்க்கரை இறங்கலாம். குடித்தது தங்கவில்லை என்றால் ஆஸ்பத்திரிக்குப் போய் குளுக்கோஸ் ஏற்றத்தான் வேண்டும். எழுப்ப முடியாமல் கிடந்தாலோ, வலிப்பு வந்தாலோ வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்து, 108-ஐ அழையுங்கள்.

ஆபரேஷனோ, மயக்கம் கொடுத்து எடுக்கிற ஸ்கேனோ இருந்தால், 'ராத்திரியிலிருந்து வெறும் வயிறு' என்கிற வழக்கமான விதி இந்தக் குழந்தைக்குப் பொருந்தாது. வெறும் வயிற்றோடு இருக்கும் நேரத்தில் குளுக்கோஸ் ஏற வேண்டும், காலையில் முதல் ஆளாக எடுக்க வேண்டும். முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

நள்ளிரவு எமர்ஜென்சியில் இருக்கும் டாக்டர் இந்தக் குறைபாட்டை இதுவரை பார்த்தே இருக்க மாட்டார். அதனால் உங்கள் டாக்டரிடம் ஒரு பக்கக் கடிதம் வாங்கி, கையிலும் போனிலும் வையுங்கள். அதில் இவ்வளவு இருந்தால் போதும்: 'இந்தக் குழந்தைக்குச் சில்வர் - ரஸ்ஸல் சிண்ட்ரோம். இத்தனை மணி நேரத்துக்கு மேல் சாப்பிடாமல் இருக்கக் கூடாது. சோர்வாக இருந்தால் உடனே ரத்தச் சர்க்கரை பாருங்கள். இத்தனை அளவு குளுக்கோஸ் தேவைப்படும். சந்தேகம் என்றால் இந்த எண்ணில் என்னை அழையுங்கள்.' அந்தக் கடிதம் ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்தும். சில இரவுகளில் அந்த ஒரு மணி நேரம்தான் எல்லாமே.

டியூப், ஊசி... பயப்பட வேண்டுமா?

எல்லாம் செய்தும் எடை கீழே போகிறது, சர்க்கரை அடிக்கடி இறங்குகிறது என்றால், மூக்கு வழியாகவோ வயிற்றில் சிறு துளை வழியாகவோ டியூப் போடச் சொல்லலாம். அது உங்கள் தோல்வி இல்லை. ஆனால் டியூப் வழியாக ஊட்டும்போது 'வேண்டாம்' என்று தலையைத் திருப்பக் குழந்தையால் முடியாது. அதனால் அளவு மீறிப்போவது அப்போதுதான் எளிது. எடையை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். வாயில் ருசி காட்டுவதையும் நிறுத்தக் கூடாது.

சில வயதுக்குப் பிறகு வளர்ச்சி ஹார்மோன் ஊசி பற்றி ஹார்மோன் மருத்துவர் பேசுவார். தினசரி ஊசி, செலவும் அதிகம். உயரத்தோடு தசையும் பசியும் கூடும் என்பது இதன் பலன். ஐரோப்பாவில் ஊசி போடாமல் வளர்ந்தவர்களின் சராசரி உயரம் ஆண்களுக்குச் சுமார் 151 செ.மீ., பெண்களுக்குச் சுமார் 140 செ.மீ. என்று பதிவாகியிருக்கிறது. பெரும்பாலான குழந்தைகளுக்கு அறிவுத்திறன் இயல்பாகவே இருக்கும். நடப்பதும் பேசுவதும் கொஞ்சம் தாமதமானால் பயிற்சி கொடுத்துச் சரிசெய்யலாம்.

அரசு மருத்துவமனைகளில் இயங்கும் மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையங்களில் குழந்தைநல மருத்துவர், பிசியோதெரபிஸ்ட், பேச்சுப் பயிற்சியாளர் ஆகியோரின் உதவியைக் கேளுங்கள். வாய்த் தசைப் பயிற்சியும் அங்கே கேட்டுப்பெற வேண்டிய ஒன்றுதான். அங்கன்வாடி ஊழியரிடமோ, கிராம சுகாதார செவிலியரிடமோ கேட்டால் வழிகாட்டுவார்கள்.

வீட்டில் இருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை

திருஷ்டி சுத்திப்போடுங்கள், யாரும் தடுக்கவில்லை. ஆனால் குழந்தை சின்னதாக இருப்பதற்கு அம்மாவைக் குற்றவாளி ஆக்காதீர்கள். 'இன்னும் ஒரு வாய் கொடு' என்று சொல்வதற்கு முன், 'இப்போ எத்தனை மணிக்கு அடுத்த வேளை?' என்று கேளுங்கள். ராத்திரி 2 மணி அலாரத்தை ஒரு நாளாவது நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். மாமியார், கொழுந்தன், தங்கச்சி என்று யார் வேண்டுமானாலும் பாலாடையில் ஊட்டக் கற்றுக்கொள்ளலாம்.

அம்மாக்களே, தராசில் எண் மாறாத மாதங்கள் நிறைய வரும். அந்த மாதத்தில் பாப்பா புதிதாகக் குப்புற விழுந்திருக்கும், 'ம்மா' என்றிருக்கும், சிரித்திருக்கும். அதையும் அந்தத் தேதிக்குப் பக்கத்தில் எழுதிவையுங்கள்.